டேப்லெட் வாங்கினால் கம்ப்யூட்டரை ஓரங்கட்டிவிடலாமா?

கேள்வி: 2014-இல் வாங்கிய டெஸ்க்டாப் வீட்டில் இருக்கிறது. ஐ3 நான்காம் தலைமுறை பிராசஸர், 4 ஜி.பி. ராம், விண்டோஸ் 10. நானும் மனைவியும் பணி ஓய்வு பெற்றவர்கள். செய்தி படிப்போம், யூடியூப் பார்ப்போம், மின்கட்டணம் கட்டுவோம், வெளிநாட்டில் இருக்கும் மகனோடு வீடியோ காலில் பேசுவோம். எப்போதாவது பிரிண்ட் எடுப்போம். அதற்கு கேனான் எல்.பி.பி. 2900 இருக்கிறது. கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டு டேப்லெட் வாங்கலாமா? — கும்பகோணம் வாசகர்

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் வேலைகளில் பிரிண்ட் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் டேப்லெட் தாராளமாகப் போதும். வீடியோ காலுக்கு உங்கள் டெஸ்க்டாப்பைவிட அதுவே மேல். கேமராவும் மைக்கும் உள்ளேயே இருக்கின்றன, கரண்ட் போனாலும் டேப்லெட் அணைந்துபோகாது. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். 11 அங்குலத் திரை, 6 ஜி.பி. ராம், 128 ஜி.பி. சேமிப்பு இருக்கும்படி பாருங்கள். 4 ஜி.பி. ராம் உள்ள மலிவான மாடல்களில் ஓர் ஆப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் திரும்பினால் முந்தையது மறுபடி முதலிலிருந்து திறக்கும். வங்கி ஓ.டி.பி. பார்த்துவிட்டு வருவதற்குள் பணம் கட்டும் பக்கமே காணாமல் போவது இதனால்தான்.

சிக்கல் பிரிண்டரில் இருக்கிறது. எல்.பி.பி. 2900-இல் வைஃபை கிடையாது, யூ.எஸ்.பி. மட்டும்தான். பக்கத்தை அச்சுக்குத் தயார்செய்யும் வேலையைக் கம்ப்யூட்டரில் இருக்கும் டிரைவர் மென்பொருள் செய்து அனுப்பினால்தான் அது அச்சடிக்கும். அந்த டிரைவர் ஆண்ட்ராய்டுக்கும் இல்லை, ஐபேடுக்கும் இல்லை. டேப்லெட்டில் யூ.எஸ்.பி. கருவிகளைச் செருக உதவும் ஓ.டி.ஜி. கேபிள் வாங்கி இணைத்தாலும் தாள் நகராது. எனவே மாதம் நான்கைந்து தாள்தான் என்றால் பி.டி.எஃப்.பாக ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் என்றால் வைஃபை பிரிண்டர் வேண்டும். வைஃபையில் அச்சடிக்க ஐபேடுக்கு ஏர்பிரிண்ட், ஆண்ட்ராய்டுக்கு மோப்ரியா என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்தச் செலவையும் டேப்லெட் விலையோடு சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

டெஸ்க்டாப்பைக் கொடுப்பதற்கு முன் அதிலுள்ள படங்களை வெளியே எடுத்துவிடுங்கள். நேராக டேப்லெட்டுக்கு மாற்றாமல் ஒரு பென்டிரைவிலோ எஸ்.எஸ்.டி.யிலோ (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) போடுங்கள். அதை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்திருக்க வேண்டும். விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்.டி.எஃப்.எஸ். முறையில் இருந்தால் பல ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளுக்கு அது தெரியாது. ஃபேட்32 என்றால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கல்யாண வீடியோ ஏறாது. சுழலும் தட்டு கொண்ட பழைய ஹார்டு டிஸ்க்கை டேப்லெட்டில் செருகினால், மின்சாரம் போதாமல் டிக் டிக்கென்று சத்தம் போட்டு விட்டுவிட்டு இணைப்பு அறலாம். அந்த நிலையில் திரும்பத் திரும்ப முயலாதீர்கள், டிஸ்க்கே கெட்டுவிடலாம். தனி மின்இணைப்பு உள்ள யூ.எஸ்.பி. ஹப் வழியாகச் செருக வேண்டும்.

பழைய பெட்டியை வைத்துக்கொள்ளும் வழியும் உண்டு. 240 ஜி.பி. சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றும் 4 ஜி.பி. டி.டி.ஆர்.3 ராம் ஒன்றும் போட்டால் வேகம் நன்றாகவே கூடும். ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. நீட்டிப்புக்குப் பதிவு செய்தவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம் என்றால் இந்தப் பிரிண்டர் அங்கேயும் சுலபத்தில் ஒத்துழைக்காது. ஆகவே உங்கள் வீட்டுக்கு டேப்லெட்டே சரி. டெஸ்க்டாப்பை இன்டர்நெட் இணைப்பு இல்லாமல் பிரிண்டுக்கு மட்டும் ஒரு மூலையில் வைத்துக்கொண்டாலும் தவறில்லை.

கேள்வி: மகள் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் சேருகிறாள். “லேப்டாப் கனம், ஐபேடும் கீபோர்டும் போதும்” என்கிறாள். வாங்கித் தரலாமா? — ஈரோடு வாசகி

பதில்: வேண்டாம். முதலில் லேப்டாப் வாங்குங்கள்.

இந்தப் படிப்பில் எந்திரப் பாகங்களை வரையப் பயன்படும் சாலிட்வொர்க்ஸ் விண்டோஸில் மட்டுமே ஓடும். அவற்றின் வலிமையைக் கம்ப்யூட்டரில் சோதிக்கும் ஆன்சிஸுக்கும் ஐபேட் பதிப்பு இல்லை. கணக்கீட்டு மென்பொருளான மேட்லேபின் மொபைல் ஆப் சின்னக் கணக்குகளுக்கு உதவுமே தவிர சிமுலேஷன் பாடத்துக்கு ஆகாது. கல்லூரி லேபில் இவை இருக்கும் என்பது உண்மை. ஆனால் அசைன்மென்டை ராத்திரி விடுதியில்தான் முடிப்பார்கள். கடைசி ஆண்டில் வரும் வேலைவாய்ப்புத் தேர்வுகளில் பல, வெப்கேம் உள்ள கம்ப்யூட்டரில் மட்டுமே திறக்கும். டேப்லெட்டில் திறந்தால் முதல் பக்கத்திலேயே நிறுத்திவிடும்.

விலையையும் கூட்டிப் பாருங்கள். ஏ16 சிப் உள்ள ஐபேட் இந்தியாவில் 2025-இல் அறிமுகமானபோது 128 ஜி.பி. மாடல் 34,900 ரூபாய். அதற்கான ஆப்பிள் கீபோர்டு 24,900. திரையில் எழுதும் யூ.எஸ்.பி.-சி பென்சில் 7,900. ஆகமொத்தம் 67,700 ரூபாய். விளம்பரத்தில் முதல் எண்ணை மட்டும்தான் பெரிதாகப் போடுவார்கள். இந்தத் தொகைக்கு 16 ஜி.பி. ராமும் 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் உள்ள விண்டோஸ் லேப்டாப்பைத் தேடலாம். வாங்கும்போது ராமைப் பின்னால் கூட்ட முடியுமா என்று கேளுங்கள். சில மெல்லிய மாடல்களில் அது போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்டவே முடியாது. எடை ஒன்றரைக் கிலோவுக்குள் இருந்தால் மகளின் கனக் குறையும் தீரும்.

கையால் குறிப்பெடுக்க டேப்லெட் அருமையான கருவி, அதை மறுக்கவில்லை. இரண்டாம் ஆண்டில் தேவைப்பட்டால் எஸ் பென் என்ற பேனாவோடு வரும் சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்6 லைட் போன்ற ஒன்றை வாங்கலாம். இங்கே பலர் ஏமாறுவது பேனாவில்தான். அதே சாம்சங்கின் டேப் ஏ9 பிளஸ் போன்ற மாடல்கள் எஸ் பென்னை ஏற்காது. 200 ரூபாய்க்குக் கிடைக்கும் ரப்பர் முனைப் பேனா விரலுக்குப் பதிலாகத் தொடும், அவ்வளவுதான். உள்ளங்கை திரையில் பட்டாலே கோடு விழும்.

இதே கேள்வியை மருத்துவம் படிக்கும் மாணவி கேட்டிருந்தால் எங்கள் பதில் தலைகீழ். அங்கே பெரும்பாலும் பி.டி.எஃப்., வீடியோ, படம் பார்த்துக் குறிப்பெடுப்பது. பேனாவோடு கூடிய டேப்லெட் முதல் கருவியாகவே இருக்கலாம்.

கேள்வி: பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். டேலி, எக்செல், ஜி.எஸ்.டி. தளம், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், இவைதான் என் வேலை. முதலாளி லேப்டாப்புக்குப் பதில் டேப்லெட் தரலாமா என்று யோசிக்கிறார். — திருப்பூர் வாசகர்

பதில்: இந்தப் பதிலை அப்படியே முதலாளியிடம் காட்டுங்கள்.

டேலி பிரைம் விண்டோஸுக்கான கணக்கு மென்பொருள். பிரவுசரில் அறிக்கை பார்க்கும் வசதி அதில் உண்டு. நிலுவை, ஸ்டாக், லெட்ஜர் எல்லாம் டேப்லெட்டில் பார்க்கலாம். ஆனால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் டேலி திறந்து, கம்பெனி இணைக்கப்பட்டு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த வசதி பார்ப்பதற்குத்தான், அன்றாட என்ட்ரி முழுவதையும் அதில் போட முடியாது. சந்தையில் சுற்றும் முதலாளிக்கு அது நன்றாக உதவும், உங்களுக்கு உதவாது.

யூ.எஸ்.பி.யில் செருகிக் கையெழுத்திடும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இன்னும் கறார். டோக்கனுக்கான டிரைவரும், ஜி.எஸ்.டி. தளத்துக்கான இ-எம்சைனர் மென்பொருளும் கம்ப்யூட்டரில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். ஆண்ட்ராய்டிலும் ஐபேடிலும் அதற்கு வழியே கிடையாது. தளம் திறக்கும், ரிட்டர்ன் விவரங்களும் தெரியும். கையெழுத்துப் போடும் பொத்தானில்தான் வேலை நின்றுபோகும், அதுவும் பெரும்பாலும் கடைசித் தேதியன்று.

எக்செல் டேப்லெட்டில் உண்டு. ஆனால் ஒரு பொத்தானில் பல வேலைகளைத் தானாகச் செய்யும் மேக்ரோ ஓடாது. உங்கள் சம்பளப் பட்டியலோ பீஸ் ரேட் கணக்கோ மேக்ரோவில் இருந்தால், தாள் திறக்கும், பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது.

ஆபீஸ் கம்ப்யூட்டரை டேப்லெட்டிலிருந்து ரிமோட்டாக இயக்கலாமே என்று கடையில் சொல்வார்கள். செய்யலாம். குரோம் ரிமோட் டெஸ்க்டாப் இலவசம், விண்டோஸ் ஹோமிலும் வேலை செய்யும். மைக்ரோசாஃப்ட்டின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப்புக்கு ஆபீஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ் புரோ இருக்க வேண்டும். எப்படியிருந்தாலும் கம்ப்யூட்டரும் வேண்டும் என்றாகிறது. அதோடு டேலியில் எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ் என்று விரல் ஓடிப் பழகிவிட்டது. பல டேப்லெட் கீபோர்டுகளில் எஃப் வரிசையே இருக்காது. நாளுக்கு நூறு வவுச்சர் போடுகிறவருக்கு இது சின்ன விஷயமல்ல.

விண்டோஸ் ஓடும் டேப்லெட் என்றால் மேற்சொன்ன பலவும் சரியாகிவிடும். ஆனால் அதில் இருப்பது இன்டெல், ஏ.எம்.டி. பிராசஸரா, செல்போன்களில் இருப்பதுபோன்ற ஆர்ம் வகைப் பிராசஸரா என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஆர்ம் வகையில் சாதாரண மென்பொருள்கள் எமுலேஷனில், அதாவது இன்டெல் போலவே நடிக்கும் முறையில், ஓடிவிடும். டிரைவர்கள் அப்படி ஓடாது. டோக்கனுக்கும் பிரிண்டருக்கும் ஆர்ம் விண்டோஸுக்கென்று எழுதிய டிரைவர் இருந்தாக வேண்டும்.

கேள்வி: 11 அங்குல டேப்லெட் வாங்கினேன். வேர்டு ஃபைல் திறக்கிறது, திருத்தப் போனால் பணம் கட்டச் சொல்கிறது. என் தம்பியின் சின்ன டேப்லெட்டில் இலவசமாகத் திருத்த முடிகிறது. என்னுடையதில் கோளாறா? — மதுரை வாசகர்

பதில்: கோளாறு இல்லை. மைக்ரோசாஃப்டின் விதி அது. திரை 10.1 அங்குலம் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் சொந்த உபயோகத்துக்கு வேர்டு, எக்செல் ஆப்களில் அடிப்படைத் திருத்தம் இலவசம். அதைத் தாண்டினால் படிக்க மட்டுமே, திருத்த மைக்ரோசாஃப்ட் 365 சந்தா வேண்டும். இப்போது விற்கும் டேப்லெட்டுகளில் பெரும்பாலானவை 10.1-ஐத் தாண்டியவை என்பதால் பலருக்கும் இது வாங்கிய பிறகுதான் தெரியவருகிறது. சந்தா வேண்டாம் என்றால் பிரவுசரில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து வேர்டின் இணையப் பதிப்பைப் பயன்படுத்துங்கள், அல்லது கூகுள் டாக்ஸுக்கு மாறுங்கள். டாக்ஸில் திறந்தால் அட்டவணையும் பக்க ஓரமும் கொஞ்சம் இடம் மாறும், எனவே விண்ணப்பம் மாதிரியான ஃபைல்களை அனுப்பும் முன் பி.டி.எஃப். ஆக்கிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: தமிழில் நிறைய தட்டச்சு செய்பவன் நான். தமிழ்99 விசைப்பலகை பழக்கம். சில சமயம் அச்சகத்திலிருந்து மெய்ப்புப் பார்க்க ஃபைல் வரும். டேப்லெட் சரிப்படுமா? — சென்னை வாசகர்

பதில்: எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோட் எழுத்துமுறையில் மட்டும் எழுதுகிறவர் என்றால் சரிப்படும். என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் இரண்டும் விண்டோஸுக்கானவை என்பதால் அவற்றை மறந்துவிட வேண்டும். திரையில் வரும் தமிழ்99 கீபோர்டு தாராளமாகக் கிடைக்கிறது. வெளிக் கீபோர்டை இணைத்த பிறகும் அது தமிழ்99-ஆக இயங்குமா என்பது டேப்லெட்டுக்கு டேப்லெட், ஆப்புக்கு ஆப் மாறும். கடையிலேயே சோதியுங்கள். க விசையை இரண்டு முறை தட்டினால் க்க வர வேண்டும். ங-வும் க-வும் அடுத்தடுத்துத் தட்டினால் தானாகப் புள்ளி விழுந்து ங்க வர வேண்டும். புள்ளி தானாக விழவில்லை என்றால் உங்கள் வேகம் பாதியாகிவிடும், அதை வாங்காதீர்கள்.

அச்சகத்து ஃபைல் வேறு கதை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த வேர்டு ஃபைல், அந்த எழுத்துரு இல்லாத டேப்லெட்டில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பேஜ்மேக்கர், இன்டிசைன் போன்ற பக்க வடிவமைப்பு மென்பொருள்களின் ஃபைல்களை டேப்லெட்டில் திருத்தவே முடியாது. அச்சகத்தாரிடம் பி.டி.எஃப். கேட்டு வாங்கி, அதன்மேல் பேனாவால் திருத்தம் போட்டு அனுப்புவதானால் டேப்லெட்டைவிட வசதியானது இல்லை.

கேள்வி: கடை கவுன்டரில் டேப்லெட்டை நாள் முழுக்க சார்ஜரில் செருகியே வைக்கலாமா? பெரிய மானிட்டரில் இணைக்கவும் ஆசை. — நாகர்கோவில் வாசகர்

பதில்: அப்படியே வைத்தால் பேட்டரி ஓரிரு ஆண்டில் உப்பித் திரையைத் தூக்க வாய்ப்புண்டு. 100 சதவீதத்திலேயே நிற்பதும் சூடும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் நலியும். புதிய மாடல்கள் பலவற்றில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் அமைப்பு இருக்கிறது, அதை ஆன் செய்யுங்கள். இல்லாத மாடலென்றால் டைமர் பிளக் போட்டு காலையும் மாலையும் மட்டும் மின்சாரம் போகும்படி வையுங்கள். திரை விளிம்பில் இடைவெளி தெரிந்தால் அன்றோடு பயன்பாட்டை நிறுத்திவிடுங்கள், அழுத்தி ஒட்டப் பார்க்காதீர்கள்.

மானிட்டர் விஷயத்தில், யூ.எஸ்.பி.-சி துளை இருக்கிறது என்பதாலேயே படம் வந்துவிடாது. மலிவு ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் அது பெரும்பாலும் சார்ஜுக்கும் ஃபைல் மாற்றவும் மட்டும்தான். அந்தத் துளை வழியே படம் அனுப்பும் டிஸ்ப்ளேபோர்ட் வசதி உண்டா என்று கேளுங்கள். ஏ16 ஐபேடில் மானிட்டருக்குப் படம் வரும், ஆனால் டேப்லெட் திரையின் நகல்தான். மானிட்டரைத் தனித் திரையாகப் பயன்படுத்த எம்1 அல்லது அதற்குப் பிந்தைய சிப் உள்ள ஐபேட் ஏர் அல்லது ஐபேட் புரோ வேண்டும். முடிந்தால் உங்கள் ஹப்பையும் எச்.டி.எம்.ஐ. கேபிளையும் கடைக்கே கொண்டுபோய்ச் செருகிப் பாருங்கள்.

விற்பவர் “மானிட்டருக்குப் போகும்” என்று வாயால் சொன்னால் பில்லில் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் கடைப் பெயரில் ஜி.எஸ்.டி. எண் இருந்தால் அதையும் பில்லில் போடச் சொல்லுங்கள், 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். சொன்னபடி இல்லாமல் போய், கடையும் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். ஆனால் கடை உபயோகத்துக்கு வாங்கியது என்றால், சுயதொழிலாக நீங்களே நடத்தும் கடையா என்ற கேள்வி நுகர்வோர் ஆணையத்தில் எழும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் ஆணையத்தில் வழக்குப் போடலாம் என்று இழுத்தடிக்காமல், முதல் வாரத்திலேயே கடைக்கு எழுத்தில் தெரிவித்து அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.