கார்னிஷி நோட்டீஸ்: வக்கீல் செலவைத் திரும்பக் கேட்க முடியுமா?

வணக்கம் நண்பரே. நூல் வியாபாரிக்கு நீங்கள் தர வேண்டிய 1,80,000 ரூபாயைக் கோர்ட்டில் கட்டச் சொல்லி, அவருக்குக் கடன் கொடுத்து, அவர் மேல் டிகிரி (பணத்தைக் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பு) வாங்கியவர் போட்ட மனுவின்பேரில், கோர்ட் உங்களுக்குக் கார்னிஷி நோட்டீஸ் (கடனாளிக்குப் பணம் தர வேண்டியவருக்கு வரும் நோட்டீஸ்) அனுப்பியிருக்கிறது. வக்கீலுக்கு ஆன 12,000 ரூபாயை அதிலேயே கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

தயவுசெய்து நீங்களாகக் கழிக்காதீர்கள். ஒப்புக்கொண்ட பாக்கியைக் குறைத்துக் கட்டினால், அந்த மீதிக்கு உங்கள் மேலேயே டிகிரி இருப்பதுபோல வசூல் நடவடிக்கை வரலாம்.

செலவுக்கு வேறு வழி இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டம், ஆணை 21, விதி 46ஜி-யைப் பாருங்கள். இந்த மனுவின் செலவை யார் தருவது என்பது நீதிபதியின் விருப்புரிமை. எனவே வாய்மொழியாகச் சொல்வதோடு விடாமல், கவுண்டரின் (எதிர்மனுதாரரான நீங்கள் தரும் பதில் மனுவின்) கடைசிப் பத்தியில் "எதிர்மனுதாரருக்குச் செலவுத்தொகை வழங்க வேண்டும்" என்று எழுதச் சொல்லுங்கள். வக்கீலிடம் ஃபீஸ் ரசீதும் வாங்கி வையுங்கள். முழுத்தொகையும் கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

அப்புறம், 30,000 ரூபாய் நூலைத் திருப்பி அனுப்பியதாகச் சொன்னீர்களே, அதுதான் உங்கள் பலம். லாரி ரசீதையும் கிரெடிட் நோட்டையும் (திருப்பிய சரக்கின் தொகையைப் பாக்கியில் கழித்ததற்கான சீட்டு) கவுண்டரோடு இணையுங்கள். பாக்கியில் தகராறு என்றால் விதி 46சி-படி கோர்ட் அதைத் தனியாக விசாரிக்க உத்தரவிடலாம். அதில் நீங்கள் சொன்னது சரி என்றானால், செலவு கேட்கும் உங்கள் கை ஓங்கும்.

மறுக்க முடியாத 1,50,000 ரூபாயை இப்போதே கோர்ட்டில் கட்டிவிடுங்கள். நாளை அந்த டிகிரியே ரத்தானாலும், கட்டிய அளவுக்கு உங்கள் கடன் தீர்ந்தது என்று விதி 46எஃப் சொல்கிறது. வியாபாரி போனில் எவ்வளவு கெஞ்சினாலும் அவர் கையில் மட்டும் பணம் கொடுத்துவிடாதீர்கள்.