கணினியில் ஆட முடிகிறபோது ஈயப் பொம்மைப் படை எதற்கு?

கேள்வி இது: “சின்னச் சின்ன ரோமானியச் சிப்பாய்களை மேசையில் நிறுத்தி, அளவுகோல் வைத்து நகர்த்திப் போர் ஆடுகிறார்கள். கணினியிலேயே ஆயிரக்கணக்கான வீரர்களோடு ஆடிவிடலாமே, இதில் அப்படி என்ன இருக்கிறது? ஆடிப் பார்த்தவர்கள் யாராவது சொல்ல முடியுமா?”

ஆடிப் பார்த்தவன் மட்டுமல்ல, நிறையத் தோற்றும் பார்த்தவன். சொல்கிறேன்.

வேலைக்காக இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் ஆறு வருடம் இருந்தேன். அங்கே ஒரு தேவாலயத்தின் பின்கூடத்தில் வாரம் ஒரு சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். ஒரு மேசையில் நெப்போலியன், இன்னொன்றில் சிலுவைப் போர், மூலையில் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும் தேநீர்க் கெட்டில். அலுவலகத்தில் பழக்கமான ஒருவர் கூட்டிப்போனார். ‘ரோம்: டோட்டல் வார்’ கணினி விளையாட்டை ஆடித் தேர்ந்தவன் நான், ரோமை நடுங்கவைத்த கார்த்தேஜ் தளபதி ஹன்னிபலுக்கே யோசனை சொல்லலாம் என்ற நினைப்பில் போனேன். முன்னாள் தபால்காரர் ஒருவர் எதிரே உட்கார்ந்து, முக்கால் மணி நேரத்தில் என் கார்த்தேஜ் படையைத் துடைத்துப் போட்டுவிட்டார்.

நாங்கள் ஆடியது டி.பி.ஏ. முழுப்பெயர் ‘டி பெல்லிஸ் ஆன்டிக்விட்டாடிஸ்’. பில் பார்க்கரின் வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப் 1990இல் வெளியிட்ட விதிகள். பழங்காலத்திலிருந்து இடைக்காலத்தின் கடைசிவரை எந்தப் படையானாலும் மொத்தம் 12 துண்டுகள்தான். பொம்மைகளை ஒட்டிய சின்னச் செவ்வகம்தான் ஒரு துண்டு. 15 மில்லிமீட்டர் பொம்மை என்றால் முகப்பு 4 சென்டிமீட்டர். அதன் மேல் ஈட்டிக்காரர் என்றால் நாலு பேர், கனமான குதிரைப்படை என்றால் மூன்று பேர், யானை என்றால் ஒன்றே ஒன்று. ஆக ஒரு முழுப் படைக்கே ஐம்பது பொம்மைக்குள் முடிந்துவிடும். களம் இரண்டடிக்கு இரண்டடி. நாலு துண்டை இழந்து, எதிரி அதைவிடக் குறைவாக இழந்திருந்தால் தோல்வி.

இதுவரை எல்லாம் சதுரங்கம் மாதிரிதான் தெரியும். விஷயமே பகடையில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் முதலில் ஒரு பகடை உருட்டுவோம். மூன்று விழுந்தால் மூன்று நகர்வு. ஒன்று விழுந்தால் ஒன்றே ஒன்று. ஆனால், ஒட்டி நின்று ஒரே திசையைப் பார்க்கும் வரிசை எத்தனை நீளமாக இருந்தாலும் அது ஒரு நகர்வுதான். எட்டுத் துண்டும் தோளோடு தோள் நின்றால் ஒரு கட்டளை போதும். வரிசை கலைந்துவிட்டதா, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகச் செலவு. தளபதியை விட்டு ரொம்பத் தள்ளிப் போன துண்டு என்றால் கூடுதலாக ஒன்று.

அந்த முதல் ஆட்டத்தில் எனக்கு நாலும் ஐந்துமாக விழுந்துகொண்டே இருந்தது. கார்த்தேஜுக்காகச் சண்டையிட்ட வட ஆப்பிரிக்க நுமிடியர்களின் குதிரைகளை இடதுபக்கக் குன்றைச் சுற்றி அனுப்பினேன், கவண்காரர்களைக் காட்டுக்குள் விட்டேன், காலாட்படையைத் தனியாக முன்னே தள்ளினேன். கணினியில் இப்படித்தான் ஆடுவேன். பெரியவர் ஒன்றுமே செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் தன் ரோமானிய வரிசையை இரண்டு அங்குலம் முன்னே தள்ளுவார், தேநீரைக் குடிப்பார். எனக்கு அவர்மேல் லேசாகப் பரிதாபம்கூட வந்தது.

வரிசைகள் மோதின. என் ஈட்டித் துண்டு ஒன்று பின்வாங்கியது. பின்வாங்கினால் அதன் பக்கத்துத் துண்டின் விலாப்புறம் திறந்துவிடும். அந்தப் பக்கத்துத் துண்டுக்கு அடுத்த சண்டையில் ஒரு புள்ளி குறைவு. ஒரே ஒரு நகர்வு செலவழித்து அந்தத் துண்டை மறுபடி வரிசையில் சேர்த்தால் போதும். ஆனால் குன்றுக்குப் பின்னால் போன குதிரைகள் சும்மா நிற்கின்றன, அவற்றைத் திருப்பினால்தான் எதிரியின் முதுகில் விழ முடியும். பகடையை உருட்டினேன். ஒன்று.

அந்த ஒன்றை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த இரண்டு நிமிடம்தான் உங்கள் கேள்விக்கு என் பதில். கணினி விளையாட்டில் நான் சொன்னதைப் படை செய்யும், சொடுக்கினால் போதும். இங்கே கட்டளைதான் பற்றாக்குறை. எதைச் சொல்லாமல் விடுவது என்று முடிவெடுப்பதுதான் முழு ஆட்டமும். குதிரைகளைத் திருப்பினேன். ஓட்டை அப்படியே இருந்தது, அதற்குள் ரோமானியர்கள் புகுந்தார்கள், அடுத்தடுத்து நாலு துண்டு போயிற்று. பெரியவர் என் துண்டுகளை ஓரமாக எடுத்து வைத்துக்கொண்டே, “குதிரைகளை ரொம்ப நம்பிட்டீங்க” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அன்று இரவு வீட்டுக்குப் போய் கேன்னே போரை மறுபடி படித்தேன். கி.மு. 216. ஹன்னிபல் ரோமானியர்களைச் சுற்றி வளைத்து அழித்த கதை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். இடதுபக்கம் ஹஸ்த்ருபாலின் குதிரைப்படை எதிரே இருந்த குதிரைகளை முறியடித்தது, பிறகு மறுபக்கம் போய் அங்கேயும் உதவியது, கடைசியில் ரோமானியக் காலாட்படையின் முதுகில் பாய்ந்தது என்று ஒரு வரியில் போட்டிருப்பார்கள். முன்பெல்லாம் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவேன். இப்போது அங்கேயே நின்றுவிட்டேன். ஓடுகிற எதிரியைத் துரத்திப்போன குதிரைக்காரர்களை, அந்தப் புழுதியில், அந்த ஆரவாரத்தில், திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்களே! என்னால் இரண்டடி மேசையில், நல்ல வெளிச்சத்தில், உட்கார்ந்த இடத்தில் முடியாத காரியம் அது.

யானையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எல்லாப் புதியவர்களையும் போல நானும் யானைக்காகத்தான் கார்த்தேஜைத் தேர்ந்தெடுத்தேன். நாங்கள் ஆடிய பதிப்பில் சண்டைப் புள்ளி யானைக்குக் காலாளுக்கு எதிராக 4, கவண்காரப் பொடியன்களுக்கு வெறும் 2. இருவரும் ஆளுக்கொரு பகடை உருட்டி அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும், கூட்டுத்தொகை பெரிதாக இருப்பவர் ஜெயிப்பார். ஆனால் கவண்காரன் ஜெயித்துவிட்டால் யானை பின்வாங்காது, செத்தே போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 36இல் 6 வாய்ப்பு. ஆறுக்கு ஒன்று. சும்மா இல்லை. இன்னொரு கொடுமை, கனத்த காலாளிடம் தோற்றுப் பின்வாங்கும் யானை பின்னால் நிற்கிற நம் ஆளையே மிதித்து அழித்துவிடும். கி.மு. 202இல் ஜாமா போரில் ஹன்னிபலின் 80க்கும் மேற்பட்ட யானைகளில் சிலவற்றுக்கு நடந்தது இதேதான் என்று பழங்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் போலிபியஸ் எழுதுகிறார். ரோமானியத் தளபதி ஸ்கிப்பியோ தன் படைக்கு நடுவே சந்து சந்தாக வழிவிட்டு நிறுத்தினார். எக்காளச் சத்தத்தில் மிரண்ட சில யானைகள் திரும்பி ஹன்னிபலின் குதிரைப்படை மேலேயே ஏற, அந்தக் குழப்பத்தில், ரோமின் பக்கம் நின்ற நுமிடிய அரசன் மசினிசா புகுந்தான். என் யானைக்குப் பின்னால் யாரையும் நிறுத்தக்கூடாது என்று கற்றுக்கொள்ள எனக்கு மூன்று ஆட்டம் பிடித்தது.

பொம்மைக்கு வண்ணம் பூசுவது பாதி பொழுதுபோக்கு. சிலருக்கு முக்கால் பங்கு; ஆடவே மாட்டார்கள், பூசிக்கொண்டே இருப்பார்கள். 15 மில்லிமீட்டர் ஆளுக்குக் கண் வரைய முயலாதீர்கள், பேயறைந்தவன் மாதிரி ஆகிவிடுவான். தோல் நிறம் பூசி, மேலே நீர்த்த பழுப்பு மையை ஓடவிட்டால் பள்ளங்களில் தங்கி, முகம் தானாக வந்துவிடும். இதிலும் வரலாறு வந்து மாட்டிக்கொள்ளும். நுமிடியர்கள் கடிவாளம் இல்லாமல் குதிரை ஓட்டியவர்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று வேறு குதிரை வாங்கி ஒட்டினால் எதிரே உட்கார்ந்திருப்பவர் குனிந்து பார்த்துவிட்டு இருமுவார். ஹன்னிபலின் லிபியர்களோ ரோமானியர்களிடம் பிடுங்கிய ஆயுதங்களைப் போட்டுக்கொண்டு கேன்னேயில் நின்றவர்கள். அப்படியே பூசினால் மேசையில் இருவரும் ஒரே மாதிரி தெரிவார்கள். நான் கேடயத்தை வெள்ளையாக்கிச் சமாளித்தேன்.

குறை இல்லாமல் இல்லை. விதிநூலின் மொழி பத்திரப் பதிவு ஆவணம் மாதிரி இருக்கும், ஒரு வாக்கியத்தை நாலு முறை படிக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் தொடுகிறதா இல்லையா என்று சண்டை பிடிக்கிற ஆட்களும் உண்டு. பசி, சம்பள பாக்கி, காய்ச்சல் போன்ற, படைகளை உண்மையில் அழித்த சங்கதிகள் மேசைக்கு வருவதே இல்லை. அப்புறம், நம்மூர்க்காரர்களுக்கு ஒரு தகவல்: டி.பி.ஏ.வின் படைப் பட்டியலில் தமிழர் படையும் இருக்கிறது. ஆனால் தமிழரையும் சிங்களரையும் ஒரே பட்டியலில் போட்டிருப்பார்கள். நான் அதைக் காட்டிச் சிரித்தபோது கூடத்தில் யாருக்கும் காரணம் புரியவில்லை.

ஆரம்பிக்க நினைத்தால் பொம்மை வாங்காதீர்கள். வீட்டில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுங்கள், கெட்டி அட்டையாகப் பார்த்து. ஈட்டிக்காரருக்கு 4 சென்டிமீட்டருக்கு ஒன்றரை, குதிரைக்கு நாலுக்கு மூன்று, யானைக்கு நாலுக்கு நாலு என்று வெட்டி, மேலே பெயர் எழுதுங்கள். எதிரிக்கும் 12 வெட்டுங்கள். பத்து ஆட்டத்துக்குப் பிறகும் ஆசை இருந்தால் வாங்கலாம். வெளிநாட்டிலிருந்து வரும் உலோகப் பொம்மைக்குத் தபால் செலவு, சுங்கம் எல்லாம் சேர்ந்துகொள்ளும், அது போக ஈட்டிகள் வளைந்து வரும்.

என் படையும் கோயம்புத்தூருக்கு வளைந்துதான் வந்து சேர்ந்தது. இப்போது அண்ணன் மகளோடு ஆடுகிறேன், ஒன்பதாவது படிக்கிறாள். ரோமைத்தான் எடுப்பாள், யானை வேண்டாமாம். போன ஞாயிற்றுக்கிழமை அவள் வரிசையில் இரண்டு ஓட்டை விழுந்த நேரம் பகடையை உருட்டி, “அய்யோ சித்தப்பா, ஒண்ணு!” என்று தலையில் கை வைத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை, டீயைக் குடித்தேன். அவள் ரொம்ப நேரம் யோசித்து, பின்வாங்கிய துண்டை வரிசையில் சேர்த்தாள். அன்று நான் தோற்றேன்.