அமெரிக்கப் பள்ளியில் வரலாறும் அரசாங்கமும் ஏன் தனித்தனிப் பாடங்கள்?

வரலாற்றிலேயே அரசியலமைப்பு வந்துவிடுகிறதே, அப்புறம் அரசாங்கம் என்று தனிப் பாடம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். கலிபோர்னியாவில் வழக்கமாக 11ஆம் வகுப்பில் ஓராண்டு அமெரிக்க வரலாறு, 12இல் அரையாண்டு அரசாங்கம், அரையாண்டு பொருளியல்.

இரண்டும் கேட்கும் கேள்விகள் வேறு. வியட்நாம் போர் ஏன் மூண்டது, மக்கள் ஏன் எதிர்த்தார்கள் என்பது வரலாறு. 1965 டிசம்பரில் அயோவா மாநிலத்தின் டி மொய்ன் நகரில் சில மாணவர்கள் அந்தப் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள், இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களில் மேரி பெத் டிங்கருக்கு வயது 13தான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1969இல் 7-2 என்று மாணவர்கள் பக்கம் தீர்ப்பானது. பள்ளி வாசலில் பேச்சுரிமை உதிர்ந்துவிடாது. பள்ளி நடப்பதற்குப் பெரிய இடையூறு வரும் என்றால்தான் தடுக்கலாம் என்றது நீதிமன்றம். அரசாங்கப் பாடம் இங்கேதான் தொடங்குகிறது: பேச்சுரிமையைக் காக்கும் அரசியலமைப்பின் முதலாம் திருத்தம் பள்ளி நிர்வாகத்தை எப்படிக் கட்டுப்படுத்துகிறது? நீதிபதிகளுக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது?

என்னைக் கேட்டால், பாடநூலுக்கு முன் அரசியலமைப்பையே படிக்கச் சொல்வேன். 7 பிரிவுகள், 27 திருத்தங்கள். ஒரே மாலையில் முடித்துவிடலாம்.