பின்பக்கம் காலியா இருக்கட்டும்

அன்புள்ள அண்ணா,

கோவையில வீட்டு மாடிக்கு சோலார் பேனல் போட்டுக் கொடுக்குற சின்ன கம்பெனி வச்சிருக்கேன். போன வருஷம் கொடிசியா கண்காட்சியில 300 விசிட்டிங் கார்டு கொடுத்தேன், வந்தது ரெண்டே போன். இந்தத் தடவை யாரும் மறக்காத மாதிரி மெட்டல் கார்டு போடலாமா, பேனல் ஷேப்ல டை கட்டிங் பண்ணலாமா, இல்ல போன்ல தட்டுற என்எஃப்சி கார்டா? டிசைன் இணைச்சிருக்கேன், பாத்துச் சொல்லுங்க.

— கோவையிலிருந்து ஒரு வாசகர்

தம்பி,

மெட்டல் வேண்டாம். டை கட்டிங்கும் வேண்டாம், பர்ஸுல நுழையாத கார்டு கொடுத்த எடத்துலயே கிடக்கும். என்எஃப்சி உங்க இஷ்டம்.

டிசைனைப் பாத்ததும் கோவம்தான் வந்துச்சு. மூணு பேர் வேலை செய்யுற எடத்துல 'ஃபவுண்டர் அண்ட் சிஇஓ'ன்னு அவ்ளோ பெருசா எதுக்கு? வீட்டு மாடிக்கு சோலார்ங்கிற விஷயம் கண்ணாடி போட்டாலும் தெரியாத பொடி எழுத்துல இருக்கு. க்யூஆர் கோடை கருப்பு மேல தங்க ஃபாயில்ல அடிச்சா லைட்டு பட்டு மின்னும், ஸ்கேன் ஆகாது. வெள்ளையில கருப்பா அடிங்க, சுத்தி அந்தக் கோடோட பொடிக் கட்டம் நாலு அளவுக்கு எடம் விடுங்க, அட்ரஸ் முழுக்க அதுக்குள்ள திணிக்காதீங்க, திணிச்சா கட்டமெல்லாம் பொடிசாயிடும்.

இதெல்லாம் அரை மணி நேரத்துல சரி பண்ணிடலாம். உங்க லெட்டரைப் படிச்சதுல இருந்து எனக்கு எங்க தோட்டத்து மோட்டார் ரூம் ஞாபகமாவே இருக்கு. 5 ஹெச்பி மோட்டார், காயில் எரிஞ்சு போச்சு, டவுன்ல இருந்து ஒருத்தர் வந்து கழட்டிட்டுப் போயி காயில் கட்டிக் கொண்டாந்து மாட்டுனாரு. கிளம்புறப்ப சட்டைப் பையில இருந்து ஒரு கார்டு எடுத்தாரு, டிரெடில்ங்கிற பழைய அச்சு மெஷின்ல நீல மசியில அடிச்ச சாதா அட்டை, ஈய எழுத்து அழுத்துன பள்ளம் விரல்ல தட்டுப்படும். அதைத் திருப்பி ஸ்டார்ட்டர் பெட்டி மேல வச்சு பால்பாயிண்ட் பேனாவுல தேதி, காயில் புதுசு, பேரிங் நம்பர், ரிலே எத்தனை ஆம்பியர்ல வச்சிருக்குன்னு எழுதி அப்பா கையில கொடுத்தாரு. அப்பா அதை பாலிதீன் கவர்ல போட்டு சணல் கயித்துல கட்டி ஸ்டார்ட்டர் பக்கத்துலயே தொங்கவிட்டாரு. நாலு வருஷம் கழிச்சு மோட்டார் மறுபடி நின்னப்ப பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேற ஆளைக் கூட்டிட்டு வரேன்னாரு, அப்பா கேக்கவே இல்ல, "நம்ம மோட்டாரோட ஜாதகம் அவருகிட்டதான் இருக்கு"ன்னுட்டாரு. உண்மையில ஜாதகம் அந்தக் கயித்துலதான் தொங்கிட்டு இருந்துச்சு!

இப்ப உங்க கார்டுல பால்பாயிண்ட்டை வச்சுப் பாருங்க, வழுக்கும். அது ஏன்னா கம்மி ரேட்டுக்கு 1000 கார்டு அடிக்கிறவங்க பத்துப் பேரோட கார்டை ஒரே பெரிய ஷீட்டுல சேத்து ஓட்டுவாங்க, ஷீட் முழுக்க ரெண்டு பக்கமும் லேமினேஷன் விழும். பின்பக்கம் மட்டும் விட்டுடுங்கன்னு கேட்டா கார்டு வளையும்பாங்க, லேசான அட்டைன்னா வளையத்தான் செய்யும். அதனால லேமினேஷனே வேண்டாம்னு சொல்லுங்க, கனம் 300 ஜிஎஸ்எம்முக்குக் குறையாம, மேல பூச்சு இல்லாத அன்கோட்டட் அட்டை கேளுங்க, ரேட் கூடத்தான் ஆகும், ஆகட்டும். முதல்ல டிஜிட்டல் பிரிண்டிங்ல 100 கார்டு போடுங்க. முன்பக்கம் பேரு, வேலை, ஒரே ஒரு நம்பர். பின்பக்கம் ஒண்ணுமே வேண்டாம். ஒரு கோடு கூட வேண்டாம், லோகோவும் வேண்டாம், 'பசுமை பாரதம்' வாசகமும் வேண்டாம்.

ஸ்டாலுக்கு வர்றவங்களை ரெண்டு நிமிஷம் உக்கார வச்சு மாடி எத்தனை சதுர அடி, தெக்குப் பக்கம் தென்னை நிழல் விழுதா, கரண்ட் பில் எவ்ளோன்னு கேளுங்க. கேட்டுட்டு அவங்க கண்ணு முன்னால எழுதுங்க: "3 கிலோவாட், 300 சதுர அடி போதும், மானியம் 78,000, தென்னை ஓலை கழிக்கணும்." ஜப்பான்ல ஒருத்தர் கொடுத்த கார்டுல அவர் முன்னாலயே எழுதுறது மரியாதைக் குறைவும்பாங்க, இங்க நீங்க எழுதுறது உங்க சொந்தக் கார்டுல, அவங்க வீட்டு விஷயத்தை. அதை யாரு தூக்கிப் போடுவா?

300 பேருக்கு நீட்டாதீங்க தம்பி, 40 பேருக்கு எழுதிக் கொடுங்க. இங்க் பேனா வேண்டாம், அந்த அட்டையில ஊறும். முடிஞ்சதும் எத்தனை போன் வந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க.