டிஎக்ஸ்7 சிந்தசைசருக்கு இணையத்தில் எடுத்த சிஸெக்ஸ் ஃபைல் சரியானதுதானா என்று எப்படிப் பார்ப்பது?

கேள்வி கேட்டவர் பழைய யமஹா டிஎக்ஸ்7 ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். உள்ளே இருந்த பேட்டரி தீர்ந்து, 32 வாய்ஸும், அதாவது சேமித்து வைத்த ஒலிகளும், அழிந்துவிட்டன. இணையத்தில் இறக்கிய சிஸெக்ஸ் ஃபைல்களை (வாய்ஸ்களின் தரவை மிடி வழியாகக் கருவிக்கு அனுப்பும் ஃபைல்கள்; மிடி என்பது இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை) அனுப்பினால் சில ஏறுகின்றன, சில ஏறவே இல்லை. கோளாறு கீபோர்டிலா ஃபைலிலா என்று கேட்கிறார்.

இதே கேள்வியோடு நான் இரண்டு வாரம் மல்லுக்கட்டியிருக்கிறேன். பெயர் சரி, அளவு சரி, ஆனால் அனுப்பினால் டிஎக்ஸ்7 அசையாது. கேபிளை மாற்றினேன், இன்டர்ஃபேஸை மாற்றினேன், மிடி இன் சாக்கெட்டின் சால்டரிங்கைக்கூடச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் அது டிஎக்ஸ்7 ஃபைலே இல்லை. டிஎக்ஸ்21-க்கான ஃபைலுக்கு யாரோ டிஎக்ஸ்7 என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஃபைலின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்திருந்தால் பத்து நொடியில் தெரிந்திருக்கும். அதனால் என் பதில் இதுதான்: பெயரை நம்பாதீர்கள், அனுப்புவதற்கு முன்னால் ஃபைலைத் திறந்து பைட்டைப் பாருங்கள். விண்டோஸில் எச்எக்ஸ்டி என்ற இலவச எடிட்டர் போதும்.

முதலில் அளவு. டிஎக்ஸ்7-இன் முழு பேங்க், அதாவது 32 வாய்ஸ், சரியாக 4104 பைட் இருக்கும். ஒரே ஒரு வாய்ஸ் என்றால் 163 பைட். 8208 இருந்தால் இரண்டு பேங்க் ஒட்டியிருக்கின்றன என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆனால் அளவை மட்டும் வைத்து முடிவெடுத்துத்தான் நான் ஏமாந்தேன். டிஎக்ஸ்21, டிஎக்ஸ்27, டிஎக்ஸ்100, டீஎக்ஸ்81இசட் (TX81Z) என்ற நான்கு ஆபரேட்டர் (சத்தத்தை உருவாக்கும் அடிப்படை அலகு) குடும்பத்தின் பேங்கும் அதே 4104 பைட்தான்.

அதனால் அடுத்து முதல் ஆறு பைட். இனி வரும் பைட்டுகள் எல்லாம் ஹெக்ஸில், அதாவது 16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண் முறையில். டிஎக்ஸ்7 பேங்க் இப்படித் தொடங்கும்: எஃப்0 43 00 09 20 00. எஃப்0 என்றால் சிஸெக்ஸ் தொடங்குகிறது. 43 யமஹாவின் அடையாள எண். அந்த இடத்தில் 41 இருந்தால் ரோலண்ட், 42 கோர்க், 40 கவாய், 44 கேசியோ. மூன்றாவது பைட்டின் பின்பாதி மிடி சேனல். 0 என்றால் முதல் சேனல். நான்காவது பைட்தான் முக்கியம்: 09 இருந்தால் டிஎக்ஸ்7 பேங்க், 04 இருந்தால் அந்த நான்கு ஆபரேட்டர் குடும்பம். என்னை இரண்டு வாரம் அலைக்கழித்தது இந்த ஒரு பைட்தான். டிஎக்ஸ்7 தனக்குப் புரியாத ஃபார்மட் வந்தால் எதுவும் சொல்லாமல் விட்டுவிடும்.

கடைசி 20 00 தரவின் நீளம். மிடியில் தரவு பைட் 7 பிட்தான் என்பதால் இதை 256-ஆல் பெருக்கக் கூடாது, 128-ஆல் பெருக்க வேண்டும். 20 என்பது நம் கணக்கில் 32. 32 பெருக்கல் 128, 4096. ஒற்றை வாய்ஸ் ஃபைலில் நான்காவது பைட் 00, நீளம் 01 1பி, அதாவது 155.

தரவு முடிந்ததும் செக்சம் (தரவு மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் எண்) ஒரு பைட், அப்புறம் சிஸெக்ஸ் முடிகிறது என்று சொல்லும் எஃப்7. எஃப்0-க்கும் எஃப்7-க்கும் இடையில் 80 அல்லது அதற்கு மேல் ஒரு பைட் இருந்தாலும் ஃபைல் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

இப்போது எடிட்டரின் வலது பக்கத்தைப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது, கணக்கே வேண்டாம். ஒவ்வொரு வாய்ஸும் 128 பைட், அதில் கடைசி பத்து பைட் வாய்ஸின் பெயர். வரிக்கு 16 பைட் என்று காட்டும் எடிட்டரில் முதல் பெயரின் நான்கு எழுத்துகள் எட்டாவது வரியின் கடைசியிலும், மீதி ஆறும் ஒன்பதாவது வரியின் தொடக்கத்திலும் விழும். அங்கிருந்து எட்டு வரிக்கு ஒருமுறை அதே இடத்தில் அடுத்த பெயர் வரும். ரோம்1ஏ என்ற தொழிற்சாலை பேங்க் என்றால் முதலில் ‘பிராஸ் 1’, பதினோராவதாக 80-களின் மெதுவான பாடல்களில் கேட்டுக் கேட்டுப் பழகிய ‘ஈ.பியானோ 1’. ஒரு இடத்திலிருந்து பெயர்கள் ஒரு கட்டம் தள்ளி வந்தால் அங்கே ஒரு பைட் கூடியிருக்கிறது அல்லது தொலைந்திருக்கிறது. பெயருக்குள் பின்சாய்கோடோ (\) அலைக்குறியோ (~) தெரிந்தால் பயப்பட வேண்டாம். டிஎக்ஸ்7 திரையில் அவை யென் குறியாகவும் அம்புக்குறியாகவும் தெரியும், வேண்டுமென்றே போட்டிருப்பார்கள்.

பைட் கூடுவதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. எஃப்டிபி என்ற ஃபைல் பரிமாற்ற முறையில் ஃபைலை டெக்ஸ்ட் மோடில் அனுப்பினால் ஒவ்வொரு 0ஏ-க்கும் முன்னால் ஒரு 0டி சேர்ந்துவிடும். அளவு 4104-ஐவிடச் சற்றே கூடுதலாக இருந்து, 0ஏ வரும் இடமெல்லாம் முன்னால் 0டி இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. அந்த 0டி-களை நீக்கி, அளவு 4104-க்குத் திரும்பி, செக்சமும் பொருந்தினால் ஃபைல் பிழைத்தது.

செக்சம் பார்ப்பது சுலபம். 4096 தரவு பைட்டையும் கூட்டுங்கள், செக்சம் பைட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 128-ஆல் வகுங்கள். மீதி 0 வர வேண்டும். ரோலண்டிலும் இதே கணக்குதான், ஆனால் அங்கே முகவரி பைட்டுகளையும் கூட்ட வேண்டும். கையால் போட்டுப் பார்க்க ரோலண்டின் ஜிஎஸ் ரீசெட் செய்தி வசதி: எஃப்0 41 10 42 12 40 00 7எஃப் 00 41 எஃப்7. 12-க்கு அப்புறம் வரும் நான்கு பைட் நம் எண்ணில் 64, 0, 127, 0. கூட்டினால் 191. 128 போக 63. 128-இலிருந்து 63 போக 65, ஹெக்ஸில் 41. எஃப்7-க்கு முன்னால் இருப்பதும் அதுவே.

செக்சம் தவறினால் ஃபைலைத் தூக்கிப் போட அவசரப்பட வேண்டாம். பெயர்கள் 32-ம் இடம் மாறாமல் இருந்து செக்சம் மட்டும் 00 என்று இருந்தால், அதை எழுதிய மென்பொருள் கணக்குப் போடாமல் விட்டிருக்கலாம். சரியான எண்ணை நீங்களே எழுதிவிடலாம். செக்சம் சரி என்பதற்காக முழுதாக நம்பவும் முடியாது. இரண்டு பைட் இடம் மாறியிருந்தால் கூட்டுத்தொகை மாறாதே.

சில ஃபைல்கள் சரியாக 4096 பைட் இருக்கும். தலையும் வாலும் வெட்டப்பட்ட வெறும் தரவு. பெயர்கள் 128-க்கு ஒருமுறை வருகிறதா பார்த்துவிட்டு, முன்னால் ஆறு பைட்டும் பின்னால் செக்சமும் எஃப்7-ம் சேர்த்தால் போதும். ஃபைல் எம், டி, எச், டி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளோடு, அதாவது 4டி 54 68 64 என்று, தொடங்கினால் அது மிடி பாட்டு ஃபைல். உள்ளே எஃப்0 ஏ0 07 43 00 09 20 00 என்று தேடுங்கள். நடுவில் இருக்கும் ஏ0 07 பாட்டு ஃபைலுக்கே உரிய நீளக் குறிப்பு. அதை நீக்கி, எஃப்0 முதல் எஃப்7 வரை வெட்டித் தனியாகச் சேமித்தால் சுத்தமான பேங்க். 3சி-யில் தொடங்கினால் சிரித்துவிட்டு அழித்துவிடுங்கள், ஃபைலுக்குப் பதில் வலைப்பக்கம் இறங்கியிருக்கிறது.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் அப்போது கீபோர்டைப் பாருங்கள். மெமரி ப்ரொடெக்ட் இன்டர்னல் ஆஃபில் இருக்க வேண்டும். ஃபங்ஷன் மோடில் 8-ஆம் பட்டனை அழுத்திக்கொண்டே வந்தால் சிஸ் இன்ஃபோ வரும், அது அவைல் என்று இருக்க வேண்டும். சேனலும் ஃபைலின் மூன்றாவது பைட்டோடு பொருந்த வேண்டும். மிடி நொடிக்கு 3125 பைட் அனுப்பும்; ஒரு பேங்க் போக 1.3 நொடி ஆகும். இன்டர்ஃபேஸின் விளக்கு சட்டென்று ஒருமுறை மின்னி அணைந்தால் அது பாதியிலேயே விட்டிருக்கிறது. மலிவான யுஎஸ்பி கேபிள்கள் சிலவற்றில் இது நடக்கும். சிஸெக்ஸ் அனுப்பும் மிடி-ஆக்ஸ் மென்பொருளில் இடைவெளியைக் கூட்டிப் பாருங்கள், அப்படியும் ஆகவில்லை என்றால் கேபிளை மாற்ற வேண்டியதுதான்.

பேங்கை அனுப்பினால் 32 வாய்ஸின் மேலேயும் எழுதிவிடும், கேட்காது. பேட்டரியை மாற்றி ஏதாவது சேமித்திருந்தால் முதலில் அதை டம்ப், அதாவது கணினியில் ஒரு நகல், எடுத்து வையுங்கள். சோதிப்பதற்கு 163 பைட் ஒற்றை வாய்ஸைத்தான் நான் முதலில் அனுப்புவேன். அது எடிட் பஃபர் என்ற தற்காலிக இடத்துக்கு மட்டும் போகும். சத்தம் பிடிக்கவில்லை என்றால் வேறு வாய்ஸ் பட்டனை அழுத்தினால் போய்விடும்.