"சேலை கட்டி வந்தா போதும்": இனமும் பாலினமும் சேர்ந்து அழுத்தும்போது

சிங்கப்பூர்வாசிகளில் நூற்றுக்கு ஒன்பது பேர் இந்தியர். அவர்களில் பெரும்பகுதி தமிழர். இவ்வளவு சிறிய கூட்டமாக இருந்தால், ஒருவர் செய்வதை எல்லார் தலையிலும் எழுதிவிடுவார்கள். பெண் என்றால் அதற்கு மேல் இன்னொரு கணக்கு ஓடும். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். சட்டம், புகார் பற்றிச் சொல்வதெல்லாம் சிங்கப்பூருக்கு மட்டும் பொருந்தும்.

அக்கா, கூட்டத்தில் கொஞ்சம் அழுத்திப் பேசினால் "இந்தியப் பொண்ணுங்கன்னாலே சண்டைதான்" என்று சிரிக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆண்டு மதிப்பீட்டில் "தலைமைப் பண்பு போதாது" என்று வருகிறது. நான் எப்படித்தான் இருப்பது? (உட்லண்ட்ஸ் வாசகி)

குரலைக் கூட்டுவதா குறைப்பதா என்ற தேடலை முதலில் விடுங்கள். சரியான அளவு என்று ஒன்று அங்கே இல்லை. நீங்கள் பேசினால் ஒரு முத்திரை, பேசாவிட்டால் வேறொரு முத்திரை. பலர் இந்த இடத்தில் செய்வது, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் "சாரி" சேர்ப்பது, முடிவில் "இது என் கருத்து மட்டும்தான்" என்று ஒட்டுவது. ஆறு மாதத்தில் உங்கள் யோசனைகள் வேறொருவர் பெயரில் நடக்கும். முத்திரையோ அப்படியே இருக்கும்.

பேச்சைத் தொனியிலிருந்து விஷயத்துக்கு இழுப்பதுதான் வழி. கூட்டத்துக்கு முதல் நாள், சொல்லப்போவதை இரண்டு மூன்று வரியில் எண்களோடு மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். கூட்டத்தில் முதல் பத்து நிமிடத்துக்குள் பேசிவிடுங்கள். கடைசியில் பேசினால் ஏற்கெனவே எடுத்த முடிவை எதிர்ப்பதுபோல் கேட்கும், அதையே "சண்டை" என்பார்கள். முடிவை முன்னால் சொல்லி, காரணத்தைப் பின்னால் வையுங்கள்: "இந்த விநியோகிப்பாளர் வேண்டாம். மூன்று முறை தாமதமாகியிருக்கிறது. தேதிகள் நேற்று அனுப்பிய மின்னஞ்சலில் இருக்கின்றன." யாராவது சிரித்தால், "சரி, தேதிகளில் எது தவறு?" என்று அதே குரலில் கேட்டு நிறுத்துங்கள். பதிலுக்குக் காத்திருங்கள். அந்த அமைதியை நீங்களே நிரப்பாதீர்கள்.

மதிப்பீட்டில் பொத்தாம்பொதுவாக எழுதினால் அங்கேயே கேளுங்கள்: "எந்தச் சந்திப்பில்? அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்?" வரும் பதிலை அன்று மாலையே எழுதி அனுப்பி, "நான் புரிந்துகொண்டது சரியா?" என்று உறுதி செய்யுங்கள். பதிலே வரவில்லை என்றாலும் அந்தக் கேள்வி எழுத்தில் இருக்கும். அடுத்த ஆண்டு உதவும்.

ஜூலையில் இன நல்லிணக்க நாள், அக்டோபரிலோ நவம்பரிலோ தீபாவளி. இரண்டுக்கும் சேலை கட்டிப் படத்துக்கு நிற்க, முறுக்கு வாங்க, அலங்காரம் செய்ய என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். சேலை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் கசக்கிறது.

சேலை கசக்கவில்லை, அதைக் கட்டச் சொல்லும் விதம் கசக்கிறது. இரண்டையும் பிரித்தால் பாதிப் பாரம் இறங்கும். கோபத்தில் சேலையையே வேண்டாமென்று ஒதுக்கினால் இழப்பு உங்களுக்குத்தான். அவர்கள் எதிர்பார்ப்பதற்கு நேர் எதிராக நடப்பதும் அவர்கள் சொல்படி நடப்பதுதான். எனக்குத் தெரிந்து நம்மவர்கள் அதிகம் விழும் குழி இது. சத்தமாகச் சிரிப்பதை விட்டுவிடுகிறார்கள், தலைக்கு எண்ணெய் வைப்பதை விடுகிறார்கள், ரயிலில் அம்மாவின் தொலைபேசி அழைப்பை எடுப்பதில்லை. கடைசியில் அந்த முத்திரையைப் பார்த்துப் பார்த்தே முழு வாழ்க்கையும் ஓடுகிறது.

இனி நடைமுறை. இந்த வேலைகளுக்கு எத்தனை மணி நேரம் போகிறது என்று ஒரு முறை குறித்துப் பாருங்கள். அது மதிப்பீட்டில் வருகிறதா? வந்தால், உங்களுக்கும் விருப்பமிருந்தால் செய்யுங்கள். வராவிட்டால், கேட்பவரிடம் இரண்டே வழி கொடுங்கள்: "இதை என் இலக்குகளில் சேர்த்துக்கொள்ளலாம், அல்லது சுழற்சி முறையில் செய்யலாம். இந்த ஆண்டு படத்துக்கு நிற்கிறேன், ஏற்பாட்டை வேறொருவர் பார்க்கட்டும்." வெறும் "முடியாது" என்றால் "ஒத்துழைப்பு இல்லை" என்று திரும்பும். மாற்று ஏற்பாட்டோடு சொன்னால் பேச்சு வேலைப் பங்கீட்டைப் பற்றியதாகிவிடும்.

அமெரிக்காவில் 2017இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே பொருந்தும். பலனில்லாத பொது வேலைக்கு யாராவது ஒருவர் முன்வர வேண்டும் என்ற நிலையில், ஆண் பெண் கலந்த குழுவில் பெண்களே அதிகம் முன்வந்தார்கள். ஆண்கள் மட்டும் இருந்த குழுவில் ஆண்களும் அதே அளவு முன்வந்தார்கள். அதாவது, பெண் இருந்தால் அவள் செய்வாள் என்று எல்லாரும் காத்திருக்கிறார்கள். அவளும்தான். "யார் செய்கிறீர்கள்?" என்று கேட்கும் இடத்திலெல்லாம் பெயர்ப்பட்டியல் வைத்து வரிசையாகக் கொடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

குழுவில் எல்லாரும் மாண்டரின் பேசுகிறார்கள். நான் மட்டும் முழிக்கிறேன்.

சாப்பாட்டு மேசையில் பேசினால் விட்டுவிடுங்கள். நாமும் நம்மவர்களோடு தமிழில்தானே பேசுகிறோம். வேலை பற்றிய கூட்டம் என்றால் விடக்கூடாது. ஆனால் நடுவில் ஒவ்வொரு முறையும் "இங்கிலீஷ் ப்ளீஸ்" என்று நீங்களே கேட்டுக்கொண்டிருந்தால் களைத்துப்போவீர்கள், மற்றவர்களும் உங்களைத் தடையாகப் பார்ப்பார்கள். கூட்டத்தை நடத்துபவரைத் தனியாகப் பிடித்து, தொடக்கத்திலேயே அவர் ஆங்கிலம் என்று சொல்லும்படி கேளுங்கள். தவறவிட்ட ஒரு முடிவை உதாரணமாகக் காட்டுங்கள்: "டெலிவரி தேதி மாறியது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது." மனம் புண்பட்டதைவிட வேலை கெட்டது அவருக்குச் சட்டென்று உறைக்கும்.

வேலை விளம்பரத்தில் மாண்டரின் கேட்பது வேறு விஷயம். மாண்டரின் பேசும் சுற்றுலா வழிகாட்டி தேவை என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. "சீனர் விரும்பத்தக்கது" என்று எழுத இடமில்லை. மொழி கேட்டால் அந்த வேலைக்கு அது ஏன் வேண்டும் என்று நிறுவனம் சொல்லியாக வேண்டும் என்பது அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டு நெறிமுறையிலேயே இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தில் இனம், சமயம், திருமண நிலை, பிள்ளைகள் பற்றிக் கேட்பதும் அப்படித்தான், வேலைக்குத் தொடர்பில்லாவிட்டால் கேட்கக் கூடாது.

பதவி உயர்வில் பாரபட்சம் என்று மனிதவளப் பிரிவில் சொன்னேன். "நம்மிடம் இந்திய மேலாளர் இருக்கிறார், பெண் மேலாளர்களும் இருக்கிறார்கள்" என்றார்கள். இந்திய மேலாளர் எல்லாரும் ஆண்கள். பெண் மேலாளர் எல்லாரும் சீனர்கள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

உங்கள் மனிதவளப் பிரிவு சொன்ன இதே வாதம் 1976இல் ஓர் அமெரிக்க நீதிமன்றத்தில் வென்றிருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1964க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்ததில்லை. பிறகு ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியாகச் சேர்ந்தவர்கள் முதலில் போக வேண்டும் என்ற விதியால் அவர்கள் வேலை போனது. பெண்கள் வேலையில் இருந்தார்கள், வெள்ளையராக. கறுப்பினத்தவரும் இருந்தார்கள், ஆண்களாக. இனத்தையும் பாலினத்தையும் சேர்த்து ஒரே குற்றச்சாட்டாக ஏற்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் இந்தத் தீர்ப்பை எடுத்துவைத்துத்தான், இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நிற்பவர் யார் கண்ணிலும் படுவதில்லை என்று காட்டினார்.

நீங்கள் செய்ய வேண்டியது, ஒரு சின்ன அட்டவணை. மேலே ஆண், பெண். பக்கத்தில் சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர். உங்கள் பிரிவில் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் இருக்கிறார்கள், கடந்த சில ஆண்டில் எத்தனை பேருக்கு உயர்வு கிடைத்தது என்று நிரப்புங்கள். எல்லாருக்கும் தெரிந்த அறிவிப்புகளை மட்டும் வைத்து நிரப்புங்கள். ரகசியக் கோப்புகளைத் தொடாதீர்கள். காலியாக நிற்கும் கட்டத்தைக் காட்டி "இந்தக் கட்டத்துக்கு என்ன விளக்கம்?" என்று கேளுங்கள். ஆட்கள் மிகக் குறைவாக இருந்தால் அட்டவணை மட்டும் எதையும் நிரூபிக்காது. உயர்வு பெற்றவருக்கும் உங்களுக்கும் வேலை இலக்குகளில் என்ன வித்தியாசம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஆதாரத்தை எப்படிச் சேர்ப்பது, எங்கே போவது?

ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை அப்படியே, அங்கே இருந்தவர்கள், நீங்கள் சொன்ன பதில், பிறகு நடந்தது. அன்றைக்கே எழுத வேண்டும். ஒரு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதியதற்கு மதிப்புக் குறைவு. அலுவலக மின்னஞ்சல்களைச் சொந்த முகவரிக்கு அனுப்பிவைப்பது பலர் செய்யும் தவறு. நிறுவனத் தகவலை வெளியே அனுப்பியதாக உங்கள் மீதே நடவடிக்கை வரும், அசல் புகார் மூலையில் கிடக்கும்.

புகாரை "இனவாதம்" என்ற சொல்லில் தொடங்காதீர்கள். படிப்பவர் உடனே அந்த ஆளின் குணத்தைக் காப்பாற்ற இறங்கிவிடுவார். நடந்ததை முதலில் எழுதுங்கள், அதனால் வேலைக்கு என்ன ஆனது என்பதை அடுத்து, என்ன வேண்டும் என்பதைக் கடைசியில். பெயர் சூட்டுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

முதலில் நிறுவனத்துக்குள் மனிதவளப் பிரிவு. தொழிற்சங்க உறுப்பினர் என்றால் சங்கம். அங்கே நகரவில்லை என்றால், நியாயமான வேலை நடைமுறைகளைக் கவனிக்கும் டஃபெப் (TAFEP) எனப்படும் முத்தரப்புக் கூட்டணி. நெறிமுறையை மீறும் நிறுவனத்துக்கு வெளிநாட்டு ஊழியர் அனுமதிச் சலுகைகளை மனிதவள அமைச்சு நிறுத்திவைக்கலாம்; நிறுவனங்கள் இதற்குத்தான் பயப்படும். வேலையை விட்டே தவறாக நீக்கிவிட்டால் கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முறையிட வேண்டும். கெடு தவறுவதுதான் அதிகம் நடக்கும் இழப்பு, "கொஞ்சம் ஆறட்டும்" என்று இருந்துவிடாதீர்கள்.

வேலையிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இனம், பாலினம், கர்ப்பம், பராமரிப்புப் பொறுப்பு, மொழித்திறன் எல்லாம் அதில் வருகின்றன. புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவதும் தடை. சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 25க்கும் குறைவான ஊழியர் உள்ள நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு உண்டு. சிறிய கடை, சிறிய அலுவலகம் என்றால் அதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

"விளக்கை அணைச்சா உன்னைத் தேடணும்" என்று அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். நானும் சிரிக்கும் பொம்மையைப் போட்டுவிட்டேன். இப்போது எப்படி எதிர்ப்பது?

சிரித்ததால் உரிமை போய்விடவில்லை. போட்டவருக்குத் தனியாக எழுதுங்கள்: "அப்போ சிரிச்சேன், ஆனா எனக்குப் பிடிக்கல. இனி என் நிறத்தை வெச்சு வேண்டாம்." அவ்வளவுதான். விளக்கமோ வரலாறோ வேண்டாம். மறுபடி வந்தால் குழுவிலேயே "இது வேண்டாம்னு சொல்லியிருந்தேன்" என்று ஒரு வரி போட்டு, திரையைப் படமெடுத்து வையுங்கள். மூன்றாவது முறை என்றால் மேலே சொன்ன நோட்டும் புகாரும். தொடர்ந்து துன்புறுத்தினால் 2014இல் வந்த துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இணையத்தில் நடப்பதற்கும் பொருந்தும்.

பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படிக்கிறேன். வகுப்பில் நான் ஒருத்திதான் தமிழ்ப் பெண். தேர்வு என்றாலே "நான் தோற்றால் எல்லாப் பெண்களும் தோற்றதாகிவிடும்" என்று கை நடுங்குகிறது.

1999இல் வெளியான ஒரு சோதனையில், ஆசிய அமெரிக்க மாணவிகளுக்குக் கணக்குத் தேர்வு வைத்தார்கள். தேர்வுக்கு முன் இனத்தைப் பற்றிக் கேள்வி கேட்கப்பட்டவர்கள் நன்றாகச் செய்தார்கள், பெண் என்பதைப் பற்றிக் கேட்கப்பட்டவர்கள் சரிந்தார்கள். இதைத் திரும்பச் செய்தபோது ஒரு குழுவுக்கு ஓரளவு அதே முடிவு கிடைத்தது, இன்னொரு குழுவுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே இதைத் தலைவிதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள் தங்கச்சி. நடுக்கம் வந்தால் அது திறமைக் குறைவின் அடையாளம் இல்லை என்று தெரிந்தால் போதும்.

பழைய வினாத்தாள்களை நேரம் வைத்து, பழக்கமில்லாத இடத்தில், நூலகத்திலோ காலி வகுப்பறையிலோ செய்யுங்கள். வீட்டில் நிதானமாகப் போட்ட கணக்கு தேர்வறையில் வராமல் போவதற்குப் பாதிக் காரணம் அந்த வித்தியாசம்தான். தேர்வு முடிந்ததும் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் நிற்காதீர்கள். எல்லாப் பெண்களுக்காகவும் தேர்வு எழுதும் பொறுப்பை உங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை.

என் மகன் தாதிமைப் படிப்பு கேட்கிறான். "பொம்பளை வேலை" என்று என் அண்ணன் கேலி செய்கிறார். நானும் தயங்குகிறேன் அம்மா.

கேலியை அவன் காதில் விழவிடாமல் தடுப்பது அப்பாவான உங்கள் வேலை. அண்ணனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். மகனிடம் கேட்க வேண்டியது வேறு: சுழல் நேர வேலை, இரவு நேரம், நிற்கும் நேரம், நோயாளியைத் தூக்குவது, மரணத்தைப் பக்கத்திலிருந்து பார்ப்பது இதற்கெல்லாம் தயாரா? பெண் பிள்ளை கேட்டாலும் இதையே கேட்டிருக்க வேண்டும்.

அலுவலகத்தில் ஓர் உச்சரிப்பு, தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) வேறு. நான் போலியா?

இல்லை. கேட்பவருக்குப் புரியும்படி பேச்சை மாற்றுவது எல்லாரும் செய்வது. நம் இனத்தைக் கேலி செய்யும்போது கூடச் சிரிப்பது, பங்ளாதே‌ஷ் ஊழியரை இளக்காரமாகப் பேசும்போது தலையாட்டுவது, பெயரைத் தப்பாகச் சொல்வதை ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவது, இவற்றைக் கவனியுங்கள். பெயரை முதல் வாரத்திலேயே திருத்துங்கள், மின்னஞ்சல் கையொப்பத்தில் அசை பிரித்து எழுதிவையுங்கள்.

ஏழு வயது மகள் "நான் ஏன் கறுப்பு?" என்கிறாள். வெள்ளையாக்கும் களிம்பு கேட்கிறாள்.

"நீ கறுப்பு இல்லடா" என்று மறுக்காதீர்கள். கறுப்பு என்றால் குறை என்று நீங்களே ஒத்துக்கொண்டதாகிவிடும். "ஆமா, அப்பா நிறம், பாட்டி நிறம். யாரு என்ன சொன்னாங்க?" என்று கேட்டு, சொன்ன வார்த்தையை வாங்குங்கள். வகுப்பாசிரியருக்கு அந்த வார்த்தையோடு எழுதுங்கள். "கிண்டல் செய்கிறார்கள்" என்று மட்டும் எழுதினால் பொதுவான அறிவுரையோடு முடிந்துவிடும். ஒரு வாரம் கழித்து என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். வீட்டில் "வெயில்ல போகாத, கறுத்துடுவ" என்பது இன்றோடு நிற்க வேண்டும், பாட்டி உட்பட. கடையிலும் இணையத்திலும் முகவரி தெரியாமல் விற்கும் வெள்ளையாக்கும் களிம்புகளில் பாதரசம் இருந்ததுண்டு, அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஏற்கெனவே பூசியிருந்தால் டப்பாவை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.