மூட்டுக்குப் போடும் ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை எதற்கு?

முடக்குவாதத்துக்கு, டிஎன்எஃப் என்ற புரதத்தை அடக்கும் ஊசியை எழுதிக்கொடுத்த மருத்துவர், முதலில் காசநோய்ப் பரிசோதனை செய்துகொண்டு வரச் சொன்னார், மூட்டுக்கும் நுரையீரலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருக்கிறீர்கள். இதையே நானும் ஒரு மருத்துவரிடம் கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே.

கோத்தகிரியில் தேயிலைக் கொழுந்து பறித்தே எங்களை வளர்த்தவர் அம்மா. விடியற்காலையில் அவர் விரல்கள் மடங்காது. ஊசிக்காகக் கோயம்புத்தூர் போனோம். அம்மாவுக்கு இருமல் இல்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றும் இல்லை. ஆனால் இரத்தப் பரிசோதனை, உறங்கும் காசநோய்த் தொற்று, அதாவது நோயாக வெளிப்படாமல் கிருமி உள்ளே தங்கியிருக்கும் நிலை, இருப்பதைக் காட்டியது. பல ஆண்டுகளுக்கு முன் பக்கத்து லைன் வீட்டில் ஒருவர் மாதக்கணக்கில் இருமியது அப்போதுதான் அம்மாவுக்கு நினைவுக்கு வந்தது.

காசநோய்க் கிருமி மூச்சோடு உள்ளே போனதும் மேக்ரோஃபேஜ் என்னும் வெள்ளணு அதை விழுங்கிவிடும். ஆனால் கிருமி லேசில் சாகாது. தன்னைச் செரிக்க வரும் நொதிப் பையை அண்டவிடாமல், விழுங்கிய அணுவுக்குள்ளேயே குடியிருக்கும். அந்த அணு இன்டர்லூகின்-12 என்ற புரதத்தைச் சுரந்து, டி அணுக்கள் என்னும் வேறு வகை வெள்ளணுக்களைத் தூண்டுகிறது. அவை பதிலுக்கு இன்டர்ஃபெரான் காமா என்ற இன்னொரு புரதத்தைச் சுரக்கின்றன. அது வந்து சேர்ந்த பிறகுதான் மேக்ரோஃபேஜ் முழு வலுவோடு கிருமியை எதிர்க்கும். இந்தத் தொடரில் ஒரு கண்ணி பிறவியிலேயே பழுதான குழந்தைகளுக்கு, காசநோய்க்கு எதிராகப் போடும் பிசிஜி தடுப்பூசியில் இருக்கும் வலுவிழந்த கிருமிகூட உடலெங்கும் பரவிவிடுவதுண்டு.

டிஎன்எஃப்பும் இப்படி அணுக்களுக்கிடையே செய்தி கொண்டுபோகும் புரதம்தான். கொல்ல முடியாமல் எஞ்சிய கிருமிகளைச் சுற்றி அணுக்களைத் திரட்டி, கிரானுலோமா என்ற முடிச்சாகக் கட்டி நிறுத்துவதில் அதற்குப் பெரும் பங்கு. எங்கள் மலைச்சாலையில் மண் சரியாமல் தாங்கும் தடுப்புச்சுவரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் மூட்டுகளில் அழற்சியை வளர்த்து எலும்பை அரித்ததும் இதே டிஎன்எஃப்தான். அதை அடக்கினால் மூட்டு தேறும், சுவர் தளரும். 2001இல் வந்த ஓர் ஆய்வறிக்கை, இன்ஃப்ளிக்சிமாப் என்ற டிஎன்எஃப் தடுப்பு மருந்துக்குப் பிறகு காசநோய் கண்ட 70 பேரை விவரித்தது. அவர்களில் 40 பேருக்கு நோய் நுரையீரலைத் தாண்டியிருந்தது. அதைப் படித்த அன்றே என் கோபம் போய்விட்டது.

அம்மாவுக்கு எடுத்த இரத்தப் பரிசோதனையும் இந்தப் புரதங்களை நம்பித்தான் நடக்கிறது. காசநோய்க் கிருமியின் புரதங்களை இரத்தத்தோடு சேர்த்து வைத்து, டி அணுக்கள் இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கின்றனவா என்று அளக்கிறார்கள். அந்தப் புரதங்கள் பிசிஜி கிருமியில் இல்லாததால், சிறு வயதில் போட்ட தடுப்பூசி முடிவைக் குழப்பாது.

அம்மா தடுப்பு மாத்திரைகளை ஒரு மாதம் சாப்பிட்ட பிறகுதான் முதல் ஊசி போட்டார்கள். மாத்திரையையும் நடுவில் நிறுத்தாமல் முடித்தார். உங்களுக்கும் தொற்று இருப்பதாகத் தெரிந்தால் அந்தக் காத்திருப்பில் அவசரப்படாதீர்கள். ஊசி தொடங்கிய பிறகு விடாத காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைதல், கழுத்தில் நெறிகட்டுதல் எது வந்தாலும், இருமல் இல்லையே என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.